கருகிய சுருளும் நிரேகியின் எண்பத்தெட்டாவது பிறந்தநாளும்

அன்புத் தங்கை நொபுயேவுக்கு அக்கா தொகியே எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். நீங்கள் முழங்காலோடு சேர்த்துச் சுகமாக இருக்க வேண்டும்.

மின்காந்தச் சுருள் கருகிய அன்று அங்கே இருந்தவர்கள்: ஆய்வுக்கூடத் தலைவராக உன் வீட்டுக்காரர் நிரேகி, குளிர்ப் பம்புக்குத் தொமொபே, அளவுமானி முன்னால் ஹிகா, சுருளுக்கு நாடா சுற்றிய நான். முப்பத்தோரு வருஷம் ஆகியும் யார் என்ன நிறக் காலுறை போட்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். உன் வீட்டுக்காரருடைய எண்பத்தெட்டாவது பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். வர மாட்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்னும் விரல் துறுதுறுக்கிறது. வெள்ளி உறை போட்ட நாடா, தாள் மாதிரி மெல்லிசு, ஒரு மடிப்பு விழுந்தால் போச்சு என்று மூச்சைப் பிடித்து நானூறு சுற்று சுற்றுவேன்; மூன்று மணிக்குத் தேநீர், தொமொபே வீட்டு முள்ளங்கி ஊறுகாய், பம்பின் டக்டக். கடுங்குளிரில் அந்த நாடா தடையே இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும். ஆனால் குணம் நம் பெரியம்மாவின் குணம்: ஓரிடத்தில் சூடு பிறந்தால் சட்டென்று பரவாது, அங்கேயே நின்று குமையும், வெளியே அளவுமானி முள் அசையும்போது உள்ளே பாதி வெந்திருக்கும். அதனால் முள் அசைந்த கணமே ஹிகா மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அசைந்தது. அவரோ எங்கள் வேலையிட வழக்கப்படி ஒவ்வொன்றாக விரலால் சுட்டி, "பம்பு சரி, வெற்றிடம் சரி, முள்ளு... முள்ளு சரியில்ல" என்று உரக்கச் சொல்லி முடித்துத்தான் விசையைத் தொட்டார். மறுநாள் திறந்தால் என் சுருளில் மிளகளவு கரிய ஓட்டை.

தொமொபே, "ஏம்ப்பா, வீடு பத்திக்கிட்டாலும் சுட்டிக்காட்டிட்டுத்தான் ஓடுவியா?" என்றார். உன் வீட்டுக்காரர் அறிக்கையில் 'சுற்றும்போது விழுந்த மடிப்பு' என்று எழுதினார். என் விரலிலா மடிப்பு? அடுத்த வாரமே என்னைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அதன்பின் நான் நாடாவைத் தொட்டதில்லை. உன் வீட்டுக்காரர் எண்பத்தெட்டு வயதுக்காரர்களுக்குப் போடும் மஞ்சள் மேல்சட்டையோடு உட்கார, நான் விசேஷத்துக்கு ஆக்கும் சிவப்புப் பயற்றுச் சோறு தின்று கைதட்ட வேண்டுமா?

இந்தக் குளிர்காலம் உங்கள் வீட்டு வாசலோடு திரும்பிப் போகட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

மனம் மாறாத அக்கா,
தொகியே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹிகா ஒரு கூடை மிகான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். "விருந்துக்கு வரலையாமே அக்கா? அன்னிக்கு நான் நேரா விசைக்குத்தான் கைய நீட்டினேன். பின்னாலேருந்து நீங்கதான், 'சுட்டிச் சொல்லாம தொடாதே, விரல வாடகைக்கா விட்டிருக்கே'ன்னு அதட்டினீங்க. உள்ளத எழுதினா உங்க வேலையே போயிடும்னு தலைவர் மடிப்புன்னு எழுதினார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்" என்றார். யோசித்துப் பார்த்தேன். என் குரல்தான். விருந்துக்கு வருகிறேன், உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இடம் போடு. முப்பத்தோரு வருஷம் பத்திரமாக வைத்திருந்த கோபத்தை அரைமணி நேரத்தில் பிடுங்கிக்கொண்டு போன ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்: ஹிகா.