பம்ப்புக்காரர் அணைக்காத கற்பூரம்

தலைவரே, நீங்கள் பொய்ச் சத்தியம் செய்தீர்கள். எங்கள் பிளாக் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவராகிய உங்களைத்தான் சொல்கிறேன். கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, அம்மனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பொய் சொன்னீர்கள். ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். பம்ப்புக்காரர் சொன்னார். அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் பம்ப்புக்காரரைத் தெரியாது. சாமி இல்லை என்று நெய்வேலியில் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாமியை நம்பியவர்கள் அத்தனை பேரும் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே ஆள் இறங்கி வெட்ட முடியும். அந்த இறைக்கிற வேலை அவருடையது. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் பக்கத்து குவார்ட்டர்ஸில் இத்தனை வருடம் இருந்தும் அது என்னவென்று கேட்டதில்லை. காடாம்புலியூர்க்காரர். அந்த ஊர்ப் பலாப்பழம் மாதிரி ஆள். மேலே முள், உள்ளே சுளை, வாயைத் திறந்தால் தெரு முழுக்க மணக்கும்.

அவர் மனைவி இருக்கிறாரே, அந்த அக்கா நேர் எதிர். செவ்வாய், வெள்ளி தவறாது. இவர் மொபெட்டில் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்துகொள்வார். உள்ளே வர மாட்டார். "நீ போய் உன் ஆத்தாளப் பாத்துட்டு வா. நான் வெளியில காத்தைப் பாத்துக்கினு இருக்கேன்" என்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் செருப்புத் திருட்டு அதிகம். புதுச் செருப்போடு போனவன் வெறுங்காலோடு வருவான், புத்திசாலி பழைய செருப்போடு போவான். இவர் உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு ஜோடி போகவில்லை. சம்பளம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். எவனாவது வேறு ஜோடியில் கால் விட்டால் மரத்தடியிலிருந்து குரல் வரும்: "யோவ், அது உன் காலு இல்ல!" பயந்துபோய்த் தன் காலையே குனிந்து பார்த்தவர்கள் உண்டு.

கொஞ்ச நாளில் செருப்போடு ஹெல்மெட் வந்தது. ஹெல்மெட்டோடு பைக் சாவி. அப்புறம் கைக்குழந்தைகள். ஆடிவெள்ளியன்று பார்த்தால் மடியில் ஒன்று, தோளில் ஒன்று, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒன்று. "சாமி இல்லன்றேன், என்னைக் குலதெய்வமா ஆக்கிட்டானுங்க" என்று திட்டிக்கொண்டே குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுவார்.

ஆயுத பூசைக்குப் பம்ப் ஹவுஸைக் கழுவித் துடைத்துப் பெயின்ட் அடிப்பதில் அவர்தான் முதல் ஆள். ஒரு வருடம் பக்தி முற்றிய யாரோ மீட்டர் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பிரஷர் எவ்வளவு என்று தெரியவில்லை. இவர் வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு கத்தினார்: "உங்க சாமிக்கு எல்லாம் தெரியும். எனக்கு இந்த முள்ளு தெரிஞ்சாதான்டா தெரியும்!"

தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்று நாளும் அவர்தான் டியூட்டி. "எனக்குப் பண்டிகை இல்ல. நீ வூட்டுக்குப் போ" என்று மற்றவர்கள் ஷிப்டை வாங்கிப் பார்ப்பார். அதனால் தீபாவளி முறுக்கும் ரம்ஜான் பிரியாணியும் கிறிஸ்துமஸ் கேக்கும் தவறாமல் அவர் வீட்டுக்குப் போகும். ஒரு சாமியையும் கும்பிடாமல் மூன்று மதத்திலும் வரும்படி பார்த்த ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒருநாள் ஒரு பெரியவர் அவரை மடக்கினார். "சாமி பயம் இல்லன்னா, நீ திருடாம இருக்கறதுக்கு இன்னா காரணம்?"

பம்ப்புக்காரர் டீயை ஒரு மடக்கு குடித்தார். "சாமி இல்லன்னு நாளைக்கு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நீ திருடுவியா?"

பெரியவர் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. இவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார். கடைக்கார பாய் சிரித்த சிரிப்பில் பாய்லர் மூடி விழுந்தது.

அவரைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு. என் தம்பிக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அக்கம்பக்கம் விசாரித்தார்கள். தெருவில் எத்தனையோ வீடு இருக்க, நேராக அவரிடம் போய் நின்றார்கள். "பையன் தங்கமான பையன். சிகரெட் குடிப்பான். நிறுத்திட்டேன்னு சொல்லுவான், நிறுத்தல" என்றார். சம்பந்தம் போயிற்று. நான் சண்டைக்குப் போனேன்.

"ஏன்யா, தெரியாதுன்னு சொல்லக்கூடாதா?"

"தெரியுமே."

தம்பி அதற்கப்புறம் சிகரெட்டை நிறுத்தினானா என்றால், அதுவும் இல்லை.

தலைவரே, இப்போது உங்கள் சத்தியத்துக்குக் காரணமான விளக்கின் கதையை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கோயிலில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது. உயரம் ஒரு முழம்தான். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், தலைவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைத்தார். வழக்கமான மரத்தடியில் வழக்கமான ஆள் உட்கார்ந்திருந்தார். பிற்பாடு அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

"இன்னா தலைவரே, அம்மன் ஊருக்குப் போவுதா?"

"பாலீஷ் போடணும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். விளக்கு திரும்பி வரவில்லை. சின்ன மகள் நிச்சயதார்த்தத்தில் வைக்க எடுத்தாரா, வேறு எதற்காவது எடுத்தாரா, அங்கே தொலைந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்.

திருவிழா வந்தது. விளக்கு எங்கே என்று கேள்வி வந்தது. தலைவர் யோசிக்கவே இல்லை. "உள்ள வந்து போறது அந்தப் பெருக்கற பொம்பளதான்" என்றார்.

பெருக்குகிறவள் அஞ்சலை. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. காலையில் கோயில் பிராகாரத்தையும் பெருக்கிவிட்டுப் போவாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பெர்மனன்ட் ஆளைத் திருடன் என்றால் விசாரணை, கமிட்டி, யூனியன் என்று வருடக்கணக்கில் ஓடும். கான்ட்ராக்ட் ஆளைத் திருடி என்றால் மறுநாள் வேலை இல்லை. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

அம்மன் முன்னால் கூட்டம் கூடியது. இரண்டு பேரையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அஞ்சலை அணைத்தாள். தலைவரும் அணைத்தார். இரண்டு கற்பூரமும் ஒரே மாதிரிதான் அணைந்தன. அம்மன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கூட்டத்துக்கு ஏமாற்றம்.

அப்போது வாசற்படிக்கு வெளியே நின்றபடி பம்ப்புக்காரர் சொன்னார்: "வெளக்கைத் தலைவருதான் வண்டில வெச்சிக்கினு போனாரு. நான் பாத்தேன்."

தலைவர் பதறவில்லை. அவர் புத்திசாலி. "சரி, பார்த்ததாவே இருக்கட்டும். நீங்களும் உள்ள வந்து கற்பூரம் அணைச்சு சொல்லுங்க."

"சொல்லிட்டனே."

"அது வெறும் வாய் வார்த்தைங்க."

"யோவ், ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப, 'மூணாம் நம்பர் பம்ப்பு சூடாவுது, பாத்துக்க'ன்னு அடுத்த ஆளுகிட்ட வாய் வார்த்ததான் சொல்லிட்டு வரேன். அத நம்பித்தான் பள்ளத்துல அத்தினி பேரு நிக்கறான். உன் மருமவனும் அங்கதான் நிக்கறான். என்னிக்காவது ஒருத்தன் என்கிட்ட கற்பூரம் கேட்டானா?"

"சாமி பயம் இல்லாதவன் பேச்சை எப்படி நம்பறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்டவர் வெறுங்காலோடு நின்றார். அவருடைய புதுச் செருப்பு பம்ப்புக்காரரின் வண்டிக்கடியில் பத்திரமாக இருந்தது.

"அவர் பொய் சொல்ல மாட்டார்" என்று நான் கத்தினேன். "நீ பார்த்தியா?" என்று என் வாயை அடைத்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான்.

அக்கா படியிறங்கி ஓடிவந்தார். "யோவ், ஒரு வில்லைக் கற்பூரம்யா! கல்லுன்னுதானே சொல்ற? கல்லு முன்னால அணைச்சா உனக்கு இன்னா கொறஞ்சுடப் போவுது?"

"கல்லுன்னு சொல்றதாலதான்டி மாட்டேன். இல்லாத ஒருத்தரை சாட்சிக்குக் கூப்புட்டா, அதுதான்டி பொய்ச் சாட்சி. நான் பாத்தது நெசம். அதைச் சொல்றதுக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அஞ்சலை அவர் காலருகில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, எனக்காவ அணைங்கய்யா. எனக்காவ."

அவர் படியில் ஒரு கால் வைத்தார். எடுத்துவிட்டார். "நான் பாத்தேன்மா. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது. சத்தியம் செய்தவர் நல்லவர், செய்ய மறுத்தவர் பொய்யர். அஞ்சலை சத்தியம் செய்தது கணக்கில் வரவில்லை. பயத்தில் செய்தாள் என்றார்கள். அவளுக்கு வேலை போயிற்று. வீட்டு வேலைக்குக் கூப்பிட்டவர்களும் கதவை மூடிக்கொண்டார்கள். பம்ப்புக்காரர் மறுநாளிலிருந்து கோயில் வாசலுக்கு வரவில்லை. அக்காவைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்.

அவர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து காடாம்புலியூர் போனதும் செய்த முதல் காரியம் அஞ்சலைக்கு அங்கே வேலை தேடியது. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைதான் கிடைத்தது. அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். தோல் உரியும், கறுத்துப் புண்ணாகும். கற்பூரம் அணைத்த தலைவர் கையில் ஒரு கொப்புளம் இல்லை. இவள் கையைப் பார்க்க முடியாது.

இந்த வருடம் பலாப்பழ சீசனில் அவரைப் பார்க்கப் போனேன். இளைத்துப்போயிருந்தார். மூச்சு இரைத்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டே எனக்குச் சுளை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்:

"அன்னிக்கி அந்தக் கற்பூரத்தை அணைச்சிருக்கலாமோ?"

வாழ்நாளில் எதற்கும் 'மோ' போடாத மனிதர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அணைச்சிருந்தா உங்களுக்கு அது பொய்தானே?" என்றேன்.

"பொய்தான். ஆனா அந்தப் பொண்ணு கையப் பாக்கறப்பல்லாம், நாம்ப சுத்தமா இருந்துக்கினு அதும் மேல சேத்தை வாரி எறிஞ்சிட்டமோன்னு தோணுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சாமி இருக்கறவனுக்கு சௌகரியம்யா. போய் மன்னிப்புக் கேட்டுக்குவான். நான் யாருகிட்ட கேக்கறது?"

"அஞ்சலைகிட்ட கேளுங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து அக்கா சொன்னார்.

"கேட்டுட்டேன். முறைச்சுட்டுப் போயிட்டா."

போன மாதம் செத்துப்போனார். சாவுக்கு அஞ்சலை வந்திருந்தாள். ஓரமாக நின்றாள். அவரைப் பற்றிக் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நல்லவருதான். நல்லவரா இருந்து எனக்கு இன்னா பிரயோசனம்? அன்னிக்கி அணைச்சிருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும்." அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அத்தினி பேருல அவரு ஒருத்தருதாங்க என்னைத் திருடி இல்லன்னாரு. என் பொண்ணுங்களுக்கு அதைச் சொல்லித்தான் வளத்தேன்."

தலைவரே, 'அணைச்சிருக்கலாமோ' என்ற கேள்வியைச் சாகிற வரைக்கும் சுமந்தது யார்? சாமி இல்லை என்று சொன்னவர். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது என்றுதான் கேள்விப்படுகிறேன். சாமியை நம்புகிறவர்கள் எல்லாரும் உங்களைப் போல என்று நான் சொல்லவில்லை. அக்காவும் கும்பிடுகிறார், அஞ்சலையும் கும்பிடுகிறாள், நானும் கும்பிடுகிறேன். நீங்கள் சாமியை நம்பவில்லை. நாங்கள் நம்புகிறோம் என்பதைத்தான் நம்பினீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைக் கையில் எடுங்கள். அஞ்சலையை நான் அழைத்து வருகிறேன். அவள் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: விளக்கை எடுத்துக்கொண்டு போனீர்களா, இல்லையா? கற்பூரம் வேண்டாம். வெறும் வாய் வார்த்தை போதும். எங்கள் பம்ப்புக்காரர் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு தடவை சொல்லுங்கள்.