நெய்யைக் கெடுக்கத் தெரியாதவன்

ஒரு பொருளைக் கெடுப்பதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதுகூட வரவில்லை. அதனாலேயே வேலை போகவிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாகவே கார்னோசின் என்றொரு பொருள் உண்டு. இரண்டே அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்னச் சரக்கு. கொழுப்பு காறிப்போகாமல் அது எவ்வளவு காக்கிறது என்று நான் அளந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட்.

கப்பல் தாமதமானதால் சோதனைக்கான கொழுப்பு வந்து சேரவில்லை. நான் சும்மா இருப்பேனா? (இருந்திருக்கலாம்.) டாலிகஞ்சில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து என் மனைவி செண்பகம் காய்ச்சிய நெய்யைத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். பாதிப் புட்டிகளில் கார்னோசின் கரைசல், மீதியில் வெறும் தண்ணீர். எல்லாவற்றையும் சூடான பெட்டியில் வைத்து வாரம்தோறும் அயோடின் சோதனை செய்தேன். நெய் கெட்டிருந்தால் நிறம் மறைய நிறையச் சொட்டு மருந்து விட வேண்டும். ஐந்து வாரமாகியும் எல்லாப் புட்டிக்கும் இரண்டே சொட்டு.

எங்கள் அதிகாரி தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி ஹிந்தி.

“அரே பாய், சாதா நெய்கூட பில்குல் கெடலியே. அப்போ கார்னோசின் காப்பாத்துச்சுன்னு எப்படி எழுதறது?”

“பக்கத்துப் புட்டியோட வாசம் பட்டே இதுவும் நல்லா இருக்கு போல, சார்” என்றேன். (சொன்னவன் வேதியியல் பட்டதாரி.)

மறுநாள் நெய்யின் மூலத்தைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். செண்பகம் பருப்புச் சோறு பரிமாறினாள்.

“பாபி, இந்த கீயில என்ன போடறீங்க?” என்று அண்ணி முறை வைத்து நெய்யைப் பற்றிக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. இறக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை. அப்பதான் மாசக்கணக்கா காறாது. இவருக்குத் தெரியுமே, அந்தக் கீரையை முதல்ல வழிச்சுத் திங்கிறதே இவர்தான்.”

அதிகாரி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முருங்கை காத்த நெய்யில் கார்னோசினுக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

நல்ல மனிதர், இன்னொரு வாய்ப்புத் தந்தார். இந்த முறை சுறா எண்ணெய். கார்னோசின் கலக்காத புட்டிகள் மூக்கைப் பிடிக்க வைத்தன. கார்னோசின் கலந்தவை தாக்குப்பிடித்தன. வேலை நிரந்தரமானது. அன்று நிஜமாகவே அழுதேன்.

அறிக்கை அச்சாகி வந்தபோது கடைசிப் பக்கத்தில் நன்றி கூறியிருந்தார்கள், திருமதி செண்பகத்துக்கு. என் பெயர் எங்குமே இல்லை. அந்தப் பக்கம் சட்டம் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் என் மகள் அதைக் காட்டி, “எங்க வீட்டு சயின்டிஸ்ட் சமையல்கட்டுல இருக்காங்க. இவர் அவங்களுக்கு வாளி தூக்கினவர்” என்று என்னை அறிமுகப்படுத்துகிறாள்.