கோட்டை மதிக்காத வண்டி

வண்டி மூன்றாவது முறையாகக் கோட்டை விட்டு விலகி சோபாவில் போய் முட்டியபோது ஸ்டோர்கீப்பருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இது மச்சினன் வேலைதான்.

மகள் விளையாடிச் சலித்த ரிமோட் காரின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, சக்கரமும் மோட்டாரும் ரிமோட் சொல்கேட்கும் பழைய சர்க்யூட் போர்டும் உள்ள அடிப்பாகத்தை வைத்து அவர் செய்த ரோபோ அது. முன்னால் ஒரு சென்சார். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்து வண்டி தானாகப் போகும். தானாகப் போகிற வண்டிக்கு ரிமோட் எதற்கு என்று அதை எங்கே போட்டோம் என்பதையே அவர் மறந்துவிட்டார். சென்சாருக்கு வேண்டிய குட்டி விளக்கை மாமனார் அறை டி.வி. ரிமோட்டிலிருந்து பிடுங்கியதை மட்டும் மறக்கவில்லை. ஆனால் வெளியே சொல்லவில்லை.

கிடங்கில் நட்டு, போல்ட்டை மேசைக்கு மேசை கொண்டுபோக இப்படி ஒன்று ஓடினால் காலியாக இருக்கும் சூப்பர்வைசர் வேலை அவருக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதே வேலைக்கு மனு போட்டிருந்த இன்னொருவன், அதே கிடங்கில் லாரி அனுப்பும் மச்சினன். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு வாரமாக இங்கேதான் சாப்பாடும் தூக்கமும். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

ஸ்டோர்கீப்பர் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். வண்டி தறிகெட்டது காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஏழு. மூன்று வேளையும் மச்சினன் சாப்பிட உட்காரும் நேரம்.

முதலில் டேப்பை அகலமாக ஒட்டினார். பயனில்லை. அடுத்து மச்சினனின் தட்டை மாடிப்படிக்கு மாற்றினார். மனைவி பேசுவதை நிறுத்தினாள். செல்போனில் ஏதோ செய்கிறான் என்று அதை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். அதில் கேம் விளையாடும் மகளும் பேசுவதை நிறுத்தினாள். கடைசியில், யார் இழுத்தாலும் வண்டி கோட்டை விட்டு அசையாதிருக்கட்டும் என்று பெரிய பேட்டரியாகப் போட்டார். இப்போது வண்டி இரட்டை வேகத்தில் தறிகெட்டது.

"அப்பா ரூம்ல ரிமோட்டக் காணோம்னு சொன்னேனே, பாத்தீங்களா?" மனைவி மௌனத்தைக் கலைத்தாள்.

"உன் தம்பியக் கேளு," என்றார். மாமனார் கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுடன் படுத்திருந்தார். அவர் அறை டி.வி.யில் நாலு நாளாக ஓர் அம்மாள் விடாமல் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்தார். ஸ்டோர்கீப்பர் மச்சினனை அவர் பக்கத்திலேயே உட்காரவைத்து, இரண்டு கையையும் தலைமேல் வைக்கச் சொன்னார்.

"எதுக்கு மாமா?"

"சொன்னதச் செய்."

வண்டி டீ டம்ளரைச் சுமந்து கோட்டின் மேல் நல்ல பிள்ளையாக வந்தது. ஸ்டோர்கீப்பருக்குக் கண் கலங்கியது. சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. வண்டி திடுக்கென்று நின்றது, பின்னால் போனது, இரண்டு சுற்று சுற்றியது, பாய்ந்து வந்து டீயை மேனேஜரின் வெள்ளைக் கால்சட்டையில் கொட்டியது.

"காலால பண்றான் சார்!" ஸ்டோர்கீப்பர் கத்தினார். "வந்த நாள்லேர்ந்து என்னைக் கெடுக்கறான். டி.வி. ரிமோட்டத் திருடினதும் இவன்தான்."

மச்சினன் கையைத் தலையிலிருந்து எடுக்காமலே எழுந்து தன் துணிப்பெட்டியைத் தேடப் போனான். மனைவி கணவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும். மேனேஜர் கால்சட்டையை உதறியபடி வாசலைப் பார்த்தார். போனது வேலை மட்டுமல்ல என்று ஸ்டோர்கீப்பருக்கே புரிந்தது.

அப்போது உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மாமனார் வந்தார். கண்ணில் கட்டு, கையில் இரண்டு குச்சி நீட்டிய ஒரு பெட்டி.

"மாப்பிள்ளை, பேத்தி தேடிக் குடுத்த இந்த ரிமோட்டும் சரியில்ல, நாலு நாளா நியூஸ் நேரத்துக்கெல்லாம் ரெண்டு குச்சியையும் ஆட்டிப் பாக்கறேன், அந்த வெங்காயக்காரி போகவே மாட்டேங்கறா."