சிறகொடிந்த துணையினம்

முள்ளிநாட்டில் எந்தப் பறவையானாலும் அரசாங்கம் வகைப்படுத்திய பிறகுதான் பறவை. அதுவரை அது சும்மா இரை பொறுக்கித் திரியும் ஏதோ ஒன்று. பருந்தரசரின் ஆட்சியில் இதற்கென்றே ஓர் ஆணையம் இருந்தது. அதன் தலைவர் கொக்கையர் ஒற்றைக்காலில் நின்றே எல்லா முடிவுகளையும் எடுப்பார்.

தரையில் வாழும் கௌதாரிகள் இனத்துக்குள் எந்த உட்பிரிவு, அதாவது எந்தத் துணையினம், என்று நிர்ணயிக்க ஆணையம் ஒருநாள் புதர்க்காட்டுக்கு வந்தது. அங்கே செம்பி என்ற கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், அவள் குலத்தில் எந்தத் தாயும் செய்வதைச் செய்தாள். முட்டைகளை விட்டு விலகி, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டவளைப் போலத் தத்தித் தத்தி வேறு பக்கம் போனாள். ஆணையம் முழுவதும் அவள் பின்னாலேயே போயிற்று. முட்டைகள் தப்பின.

ஆனால் கொக்கையர் கண்டதைக் கொண்டு தீர்மானம் போட்டுவிட்டார். 'சிறகொடிந்த கௌதாரி' என்றொரு துணையினம் பிறந்தது. அதன் நலன் கருதிப் பறத்தல் தடைசெய்யப்பட்டது. பறக்க முடியாதவர்களுக்குக் காவல் வேண்டாமா என்று புதரைச் சுற்றி நரிகள் நியமிக்கப்பட்டன.

செம்பி கொக்கையரிடம் ஓடினாள்.

"ஐயா, எஞ் சிறகு நல்லாத்தான் இருக்கு. முட்டையக் காப்பாத்தத்தான் அப்படி நடிச்சேன்."

"அப்படிச் சொல்லாதேம்மா," என்றார் கொக்கையர் பரிவோடு. "நடிப்பு என்றால் அரசை ஏமாற்றிய குற்றம். ஒடிந்தது என்றால் சலுகை. எது வேண்டும்?"

"எம் புள்ளைங்க பறக்கணும்."

"துணையினத்தின் இலக்கணத்தில் அது இல்லையே."

குஞ்சுகள் பொரிந்தன, நடந்தே வளர்ந்தன. காவல் நரிகள் நாளுக்கு நாள் கொழுத்தன. பக்கத்துப் புதர்களில் குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. துணையினம் அருகி வருவதைக் கண்டறிந்த ஆணையம், கவலையுடன் காவலை இரட்டிப்பாக்கியது.

தேர்தல் வந்தது. பருந்தரசரே புதர்க்காட்டில் இறங்கினார். ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி தத்தித் தத்தி நடந்தார்.

"நானும் உங்களில் ஒருவன். உங்களுக்காகவே ஒடிந்தவன்," என்று தழுதழுத்தார்.

கௌதாரிகள் கண்கலங்கிப்போய், குஞ்சுகளைப் புதரிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் கூட்டமாகப் போயின. செம்பியும் நாலடி போனாள். இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அது அவளுடைய நடைதான். அப்படி நடக்கிறவரைப் பார்க்கக் கூடாது, அவர் எதை விட்டு விலகிப் போகிறார் என்று பார்க்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். நரிகள் வரிசையாகப் புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

செம்பி சட்டத்தை மறந்து குஞ்சுகளை நோக்கிப் பறந்தாள்.

பின்னால் கொக்கையர் நிதானமாகச் சொல்வது கேட்டது: "பறக்கிறது. ஆகவே அது கௌதாரி அல்ல."