எழுந்திருக்க விடாத சௌகரிய சிகாமணி

உலகத்தில் அலுவலகம் என்று ஒன்று எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் சௌகரிய சிகாமணி என்றொரு ஜீவன் உண்டு. மேனேஜர் நாற்காலியில் வாசம். பிறர் எழுந்து நின்றால் அதற்கு மனசு தாங்காது.

எங்கள் சிகாமணியையே பாருங்கள். ஃபைல் எடுக்கப் பெண்கள் அலமாரிக்கு அலமாரி நடக்கிறார்களே என்று உருகி, ஃபைல் அத்தனையையும் கம்ப்யூட்டருக்குள் தள்ளினார், கையெழுத்துக்கு மாடி ஏறுகிறார்களே என்று கையெழுத்தையும் திரைக்கே இறக்கிவிட்டார், பிரிண்டரை ஒழித்தார். மிச்சமிருந்தது பாத்ரூம்தான். அதற்கும் ஒரு மென்பொருள் கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா?

கணக்குப் பிரிவு அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை, மகள் மாட்டிவிடுகிறாள். "இப்படியே உட்கார்ந்திருந்தா வேலையையே விட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

"சார், எழுந்து நடக்கிற மாதிரி ஏதாவது வேலை குடுங்க."

"அட என்னம்மா! நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்ணேன்? இதுக்கும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, விடுங்க."

மறுநாள் அக்காவின் திரையில் ஒரு பொம்மை குதித்து, "எழுந்து நில்லுங்கள்!" என்று கைதட்டியது. அக்கா எழுந்தார். உடனே, திரைமேல் இருந்த கேமரா, "இருக்கையில் ஆளில்லை" என்று சிகாமணியிடம் போட்டுக்கொடுத்தது. அதுவும் அவர் வாங்கி மாட்டியதுதான்.

ஓடிவந்தார்.

"எங்கம்மா போனீங்க?"

"எங்கயும் போகல. உங்க பொம்மைதான் நிக்கச் சொல்லிச்சு."

"நில்லுங்க, யாரு வேண்டாம்னா? சீட்ல இருந்துக்கிட்டே நில்லுங்க!"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபைல்களைப் பறிகொடுத்துக் காலியாகக் கிடந்த அலமாரிமேல் திரையையும் கீபோர்டையும் பக்கத்து சீட்காரியிடம் தூக்கி வைக்கச் சொன்னார். நின்றபடியே கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். கேமராவும் கூடவே மேலே ஏறிவிட்டதால், எதிரே அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

"பாக்க நல்லாவாம்மா இருக்கு?"

"முதுகு என்னுது சார். பாக்கிறவங்களுக்கு வலிக்காது."

அந்த வாரமே பிரிவுப் பெண்கள் எல்லாரும் அலமாரிக்கு அலமாரி நின்றார்கள். அக்காவும் தானே குனிந்து செருப்பு மாட்டத் தொடங்கினார். சிகாமணி சும்மா இருப்பாரா? 'பெண் ஊழியர் முதுகு நலம்: எனது திட்டம்' என்று மேலிடத்துக்கு எழுதினார். பாராட்டு வந்தது. உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்காமல், "பேசாம ஒரு இடத்துல உட்காரேன்" என்று சோபாவிலிருந்து உத்தரவு போட்டது யார்? நீங்கள் இல்லைதானே? எதற்கும் ஒரு தடவை கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிடுங்கள்.

அதென்ன, கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி உள்ளே யாரையோ கூப்பிடுகிறீர்களே!