டானிக்குக்கு மூன்று சாட்சிகள்

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று சனிக்கிழமை மாலை முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் படுத்துக்கொண்டே நிறைவேற்றக் கூடியது இது ஒன்றுதான்.

காரணம் அசதி. நான் அகராதி அலுவலகத்தில் சொற்பொருள் எழுதுகிறவன். அந்த வாரம் முழுக்க ‘டானிக்’ என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினேன். ஊட்டமருந்து, தெம்பூட்டி, சத்துநீர், புத்துயிர் தருவது என்று எழுதி எழுதி, இருந்த தெம்பையெல்லாம் அந்தச் சொல்லுக்கே கொடுத்துவிட்டு வெறும் ஆளாக வீடு திரும்பினேன்.

ஆனால் என் மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பரண் சுத்தம் செய்ய ஒதுக்கியிருந்தாள். அவள் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். குவியலாகக் கிடக்கும் சட்டைகளில் எதில் ஒரு தையல் விட்டிருக்கிறதோ, அவள் கண் நேரே அங்கே போகும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண் என் மேலும் இருக்கிறது.

“நாளைக்கு எனக்கு டானிக் வேணும்” என்று பீடிகை போட்டேன்.

“பாட்டில் அலமாரில இருக்கு. பரண்ல ஏறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் குடிங்க.”

“பாட்டில்ல இருக்கறது ஒரு பொருள்தான். சங்கீதத்துல அதுக்கு ஆதார சுருதின்னு அர்த்தம்.”

“நீங்க பாட வேணாம்.”

“கசப்பா ஒரு சோடா வருதே, அதுவும் டானிக்தான்.”

“கசப்புக்குக் குறைச்சல் இல்ல. மேல சொல்லுங்க.”

“மனுஷனைப் பழையபடி ஆக்கற எதுவும் டானிக். அந்த வகையில ஓய்வுங்கறதும்...”

“வந்துட்டீங்களா. அப்படின்னு யாரு சொன்னது?”

எங்கள் அலுவலக விதி அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது நான் வேறு எதைப் பேசுகிறேன்? ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் அகராதியில் ஏற வேண்டுமானால், மூன்று பேர் அந்தப் பொருளில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாம் கேட்டு வாங்கக் கூடாது. பேச்சுவாக்கில் தானாக வர வேண்டும். மூன்றுக்கும் ஒன்றோடொன்று ஒட்டு உறவு இருக்கக் கூடாது.

“மூணு பேர் சொல்லட்டும்” என்றாள். “சொன்னா நாளைக்கு இந்த வீட்டுல ஒருத்தர் நாள் பூரா படுத்துக்கலாம். இன்னொருத்தர் பரணைப் பாத்துக்கணும்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“நான் என்ன அகராதியா, பதிப்புக்குப் பதிப்பு மாறறதுக்கு? மருந்துக் கடைக்காரர், மாடி வீட்டு அக்கா, எங்க ஃபாக்டரி வேன் டிரைவர். மூணு பேரும் உங்களுக்குப் பழக்கம்தானே?”

பழக்கம் மட்டுமா? மூவரும் என்னைக் கண்டாலே பரிதாபப்படுகிறவர்கள். செருப்பை மாட்டினேன்.

மருந்துக் கடையில் ஒரு நீண்ட பெருமூச்சைக் கவுன்டர் மேல் வைத்தேன்.

“என்ன சார், அசதியா? மருந்தெல்லாம் சும்மா சார். ஓய்வுதான் டானிக்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “போன வாரம் உங்க வீட்டம்மா தலை சுத்துதுன்னு வந்தப்பவும் இதையேதான் சொன்னேன். படுத்தாங்களா?”

மாடி வீட்டு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். பெருமூச்சுக்கு அங்கே தேவையே இருக்கவில்லை.

“வா தம்பி. உன் பொண்டாட்டி அன்னிக்கு மளிகைப் பையோட படியிலேயே உக்காந்துட்டா. ஓய்வை விடப் பெரிய டானிக் எதுடின்னு திட்டி அனுப்பினேன். நீ வீட்டுல ஏதாவது செய்வியா, இல்ல அர்த்தம் மட்டும்தான் சொல்லுவியா?”

டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். “உங்க வீட்டு அக்கா நேத்து இறங்க வேண்டிய இடத்துல அசந்து தூங்கிட்டாங்க சார். எழுப்ப மனசு வரல. அந்தத் தூக்கம்தான் அவங்களுக்கு டானிக்குன்னு விட்டுட்டேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இறக்கி விட்டேன்.”

தூக்கம் ஓய்வின் உட்பிரிவு. ஏற்கலாம்.

மூன்றும் கிடைத்துவிட்டன. மூன்றிலும் அவள் இருந்தாள். வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் காட்டலாம்தான். ஆனால் வால் வெட்டிய மேற்கோளை நான் இதுவரை அச்சுக்கு அனுப்பியதில்லை. அவளுக்குத் தலை சுற்றியது தெருவுக்கே தெரிந்திருக்கிறது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவள் கட்டிலில், நான் படுக்கும் பக்கத்தில், என் தலையணையில் படுத்திருந்தாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“வாக்கியத்தை முழுசா சொல்லுங்க.”

சொன்னேன்.

“அப்ப யாரு படுக்கணும்?”

“நீதான்.”

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க.”

ஞாயிறு முழுக்கப் பரணில் தவழ்ந்தேன். உடைந்த மின்விசிறி, மூடியில்லாத பாத்திரங்கள், பாத்திரமில்லாத மூடிகள். கீழே சீரான குறட்டை, ஆதார சுருதி பிசகாமல்.

திங்கட்கிழமை தலைமைப் பதிப்பாசிரியர் என் மேற்கோள்களைப் படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டார். “மூணு பேரும் ஒரே அம்மாவோட அசதியைப் பத்தித்தானே பேசறாங்க? அப்ப இது மூணு சாட்சி இல்ல, ஒண்ணுதான். செல்லாது.”

உடம்பெல்லாம் வலிக்க வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

“செல்லாதுன்னு எனக்கு சனிக்கிழமையே தெரியுங்க” என்றாள். “நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களோன்னுதான் சீக்கிரமா படுத்துட்டேன்.”