வளைந்த பலகை விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, புதிதாக வாங்கிய மரம் இழைக்கும் மெஷின் மூவரும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு. கோபித்துக்கொண்டு இங்கே வந்திருக்கும் என் மகளைப் பற்றியும் ஒரு வரி எழுதக் கூடாதாம். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல மூக்கை நுழைச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்கிறாள். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க முழுக்கப் பலகையைப் பற்றியது.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்காகப் பலகை வாங்கினேன் அல்லவா? மரக்கடையில் பரம சாதுவாகப் படுத்திருந்தவை, வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் முதுகை வளைத்துக்கொண்டன. சும்மா விடுவேனா? மெஷினைப் போட்டு, ஒவ்வொருத்தனையும் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக் கத்திமேல் தள்ளினேன். தள்ளும்போது நூல் பிடித்த மாதிரி நேர். கையை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி! மறுபடி அமுக்கினேன், மறுபடி சீவினேன். பலகை இளைத்ததே தவிர வளைவு போனபாடில்லை. மேசைக்கென்று வாங்கியது ஸ்டூலுக்காவது தேறுமா என்று ஆகிவிட்டது. என் இடுப்பு தனிக்கதை, அதை அவிழ்த்தால் கடிதம் தாங்காது.

ஆத்திரத்தில் மரக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். மெஷின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகி, இப்போது நான் பேசினாலே கத்துகிற மாதிரிதான் இருக்கிறது. "பாக்கிறப்போ நல்லவனாத்தான்யா இருந்தான்! வீட்டுக்குள்ள வந்ததும் கோணிக்கிட்டான். அமுக்கிப் பிடிச்சா நேரா நிக்கிறான், விட்டா பழைய புத்தி. எனக்கு வேணாம், நீங்களே திருப்பி எடுத்துக்குங்க!" என்று நான் பொரிந்து தள்ள, உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் மனைவி கத்தியும் கையுமாக ஓடி வந்தாள்.

"அவரைக் கோணல்னு சொல்ல நீங்க யாருப்பா? அவங்க வீட்டுக்கே போன் போட்டுத் திருப்பி எடுத்துக்கச் சொல்றீங்களா? கோபம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதானே! எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கண்ணு மூடாம பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? நீங்களா?"

"நான் பலகையைச் சொன்னேம்மா" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அத்தை, அடுப்பை அணைக்கும் சாக்கில் சிரிக்க உள்ளே ஓடிவிட்டாள். மகள் கொஞ்ச நேரம் பலகையையே முறைத்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நடுவுல அமுக்குறதாலதான் இப்படி. குழிஞ்ச பக்கத்தைக் கீழ வைங்க, ரெண்டு முனையும் தொடட்டும். அமுக்காம, அது போக்குல கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க" என்றாள். மெஷினோடு வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதாம். அதைத்தான் நான், மெஷின் வந்த அன்றே, ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் முட்டாக வைத்துவிட்டேனே. எப்போது உருவிப் படித்தாளோ தெரியாது.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் பலகையோ நீளம், என் இடுப்போ கைவிரித்துவிட்டது. மறுமுனையைப் பிடிக்க நம்பகமான ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து ஒரு கை கொடுத்தால் புண்ணியமாகப் போகும். இது பலகை விஷயம் மட்டுமே. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், எடுத்துக்கொண்டாலும் அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் பெற்று நீங்கள் வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு: ஆள் வேண்டும் என்றது பொய், மாப்பிள்ளை. எல்லாப் பலகையையும் அவளே நேராக்கிவிட்டாள். மேசையும் தயாராகிவிட்டது. கொஞ்சம் மெலிவுதான், ஆனால் ஆடாமல் நிற்கிறது. நேற்று அதில்தான் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று பேருக்கு, அவள் ஏதோ ஞாபகத்தில் நாலு தட்டு வைத்துவிட்டாள். அந்தத் தட்டை எடுக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ஞாயிறு வரைக்கும்கூட வேண்டாம், உடனே கிளம்பி வாருங்கள்.